குப்பை காண்ட்ராக்ட்: காசு டன்னுக்கா, வீட்டுக்கா, செஞ்ச வேலைக்கா? (இழை)

எடைமேடை:
குப்பை அள்ளுறத தனியாருக்குக் குடுக்கலாமா வேணாமான்னு எங்க பேச்சு ஆரம்பிச்சாலும் ரெண்டே நிமிஷத்துல ஒரு கூட்டம் "தனியார்னா கொள்ளை"ன்னு இந்தப் பக்கமும் இன்னொரு கூட்டம் "கவர்மென்ட் ஆளுங்க வேலை பாக்க மாட்டாங்க"ன்னு அந்தப் பக்கமும் போய் நின்னுடுது, அதுக்கப்புறம் காண்ட்ராக்ட்ட யாரும் பிரிச்சுப் படிக்கிறதில்ல. நான் உள்ளாட்சிக் கணக்குத் தணிக்கைல ரொம்ப வருஷம் இருந்தவன், அதனால சொல்றேன். முதல்ல பாக்க வேண்டியது பேமென்ட் எந்த அளவுல கணக்கு போடுறாங்கங்கறது. அத வச்சே அடுத்த ஏழெட்டு வருஷம் தெரு எப்படி இருக்கும்னு சொல்லிடலாம்.

டன்னுக்கு இவ்வளவுன்னு எழுதிட்டீங்கன்னா வண்டிக்காரருக்கு எடை வேணும். கட்டட இடிபாடும் மண்ணும் எடை, காயவச்ச பேப்பர் எடையே இல்ல. அப்ப எது முதல்ல வண்டில ஏறும்? தெருவோரம் கொட்டிக் கிடக்கிற கான்கிரீட் சில்லு ஏறும், சந்துக்குள்ள இருக்கிற நாலு வீட்டுப் பை நாளைக்கு நிக்கும். மழைநாள்ல மூடாத வண்டில குப்பை ஏறினா தண்ணிக்கும் சேத்து நாமதான் காசு குடுக்குறோம். எல்லாத்துக்கும் மேல, நீங்க வீட்டுலயே மக்கும் குப்பைய உரமாக்கினா வண்டிக்காரருக்கு நஷ்டம். நீங்க நல்லது செஞ்சா அவருக்கு வருமானம் குறையுற மாதிரி ஒரு ஒப்பந்தத்த எழுதிட்டு "ஏன் பிரிச்சு வாங்க மாட்டேங்குறாங்க"ன்னு கேட்டா எப்படி?

சென்னைல 2000ல மூணு மண்டலத்த முதல்முதலா தனியார்கிட்ட குடுத்தப்ப எடைக்குக் காசுங்கறதுதான் முறை. 2020ல வந்த ஒப்பந்தம் அதுலேர்ந்து நகந்து, வேலை எவ்வளவு நல்லா நடந்துச்சுன்னு அளவுகோல் வச்சு காசு குடுக்குறதுக்குப் போச்சு. அந்த மாத்தம் சும்மா வரல.

முதல்மாடி:
சார் நீங்க சொல்றது புரியுது, ஆனா எங்கள மாதிரி ஆளுங்களுக்கு முதல் கேள்வி அது இல்ல. சொத்துவரி கட்டுறோம். அதுக்குள்ளதான் குப்பை அள்ளுறதும் வருதுன்னு இத்தன வருஷமா சொல்லிட்டு இருந்தீங்க. இப்ப தனியா "பயனாளர் கட்டணம்"னு ஒண்ணு. ரெண்டு தடவ ஏன் கட்டணும்? சென்னைல 2021 ஜனவரிலேர்ந்து வசூல் பண்றோம்னு அறிவிச்சாங்க, ஜனங்க கத்துன கத்துல வாபஸ் வாங்கினாங்க. அப்ப அது இல்லாமலும் நடத்த முடியும்னுதான அர்த்தம்?

எடைமேடை:
@முதல்மாடி அந்த அர்த்தம் இல்லங்க. கட்டணம் வாபஸ் ஆனா செலவு வாபஸ் ஆகாது, வேற எதோ தலைப்புலேர்ந்து போகும். ரோடு போட வேண்டிய காசு, பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு வேண்டிய காசு. 2016 திடக்கழிவு விதிகள்லயே குப்பை உண்டாக்குறவங்க உள்ளாட்சி நிர்ணயிக்கிற கட்டணத்தக் கட்டணும்னு வந்துடுச்சு, அதனால இந்தியால எந்த ஊரும் இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு இத எடுத்துட்டு வரும். பெங்களூர்ல 2025 ஏப்ரல்லேர்ந்து கட்டடத்தோட பரப்பளவ வச்சு சொத்துவரியோட சேத்தே வாங்க ஆரம்பிச்சுட்டாங்க. ஆனா உங்க கோபத்துல ஒரு நியாயம் இருக்கு, அத விட்டுடக் கூடாது: வரில ஏற்கெனவே இருந்த பங்கு எவ்வளவு, புதுக் கட்டணம் வந்தப்புறம் அந்தப் பங்கு எங்க போச்சு? இதுக்குப் பதில் சொல்லாம வாங்குற ஒவ்வொரு காசும் ரெண்டாவது தடவ வாங்குற காசுதான்.

பச்சைவாளி:
பரப்பளவுக்கும் குப்பைக்கும் என்ன சம்பந்தம்? பெரிய வீட்டுல ரெண்டு வயசானவங்க மட்டும் இருப்பாங்க, வாரத்துக்கு ஒரு சின்னப் பை. சின்ன வீட்டுல ஏழு பேரு. போடுற அளவுக்குக் கட்டுங்கன்னு வைங்க, அதான் நியாயம். தைவான் தலைநகரம் தைப்பேல 2000லேர்ந்து மாநகராட்சி விக்கிற பைல போட்டாதான் குப்பைய வாங்குவாங்க, பையோட விலைலயே கட்டணம் அடங்கிடும், மறுசுழற்சிக்குப் போறது இலவசம். தென்கொரியால 1995லயே நாடு முழுக்க இந்த முறை வந்தாச்சு, அதுக்கப்புறம் உணவுக்கழிவுக்குத் தனியா எடை போட்டு, அட்டையக் காட்டினா திறக்குற தொட்டி வச்சு, யார் எவ்வளவு போட்டாங்கன்னு கணக்கு எடுக்குற அளவுக்குப் போயிட்டாங்க. கரண்ட்டுக்கு மீட்டர் இருக்கு, தண்ணிக்கு மீட்டர் இருக்கு, குப்பைக்கு மட்டும் ஏன் எல்லாரும் ஒரே தொகை கட்டணும்? ஒரே தொகைனா குறைக்கணும்ங்கற எண்ணமே யாருக்கும் வராது.

கணக்குநோட்டு:
@பச்சைவாளி நானும் ஒரு காலத்துல இதேதான் சொல்லிட்டு இருந்தேன், அப்புறம் ஆராய்ச்சிகளப் படிச்சேன். அமெரிக்கால சார்லட்ஸ்வில்னு ஒரு சின்ன ஊர்ல பைக்கு இவ்வளவுன்னு கட்டணம் வச்சதும் என்ன நடந்துச்சுன்னு ஃபுல்லர்டன், கின்னமன் ரெண்டு பேரும் வீட்டுக்கு வீடு எடைபோட்டுப் பாத்து 1996ல எழுதினாங்க. பைகளோட எண்ணிக்கை, அதாவது கன அளவு, 37 சதவீதம் குறைஞ்சுது. எடை? 14 சதவீதம்தான். மிச்சத்த மிதிச்சு அமுக்கிட்டாங்க! சியாட்டில்ல இந்த மிதிக்கிற பழக்கத்துக்கு ஊர்ப்பேர் வச்சே ஒரு பட்டப்பேர் உண்டு. அதவிட முக்கியம், அந்தக் குறைஞ்ச எடைலயும் கால்வாசிக்கு மேல திருட்டுத்தனமா வேற எங்கயோ கொட்டினதா இருக்கலாம்னு அவங்க மதிப்பீடு.

தைப்பேல நடக்குதுன்னா அங்க வண்டி குறிச்ச நாள்ல குறிச்ச நேரத்துக்கு வருது, ஜனங்க கைலயே குடுக்குறாங்க, தெருவுல பைய வச்சுட்டுப் போனா அபராதம். இந்த மூணும் இருக்கிற ஊர்ல பை முறை வேலை செய்யும். காலி மனை நிறைய, வாய்க்கால் நிறைய, வண்டி வர்ற நேரம் யாருக்கும் தெரியாதுங்கற ஊர்ல பைக்குக் காசு வச்சீங்கன்னா அந்தக் குப்பை ராத்திரில வாய்க்காலுக்குப் போகும், அதத் தூர்வார மறுபடி நாமதான் காசு குடுப்போம்.

பச்சைவாளி:
சரி, அந்த 37-க்கும் 14-க்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியாது, ஒத்துக்குறேன். ஆனா வண்டி ஒழுங்கா வந்தா செய்யலாம்னுதான நீங்களும் சொல்றீங்க. அப்ப முதல்ல வண்டிய ஒழுங்காக்குங்க, அடுத்து கட்டணம். எல்லா ஊர்லயும் இது தலைகீழா நடக்குது, ரசீது முதல்ல வருது வண்டி அப்புறம் வருது.

விடியக்காலை:
எல்லாரும் டன்னு பை வரின்னு பேசுறீங்க, கைல அள்ளுறவங்களப் பத்தி ஒரு வார்த்த இல்ல. எங்க அம்மா இருபது வருஷத்துக்கு மேல இந்த வேலை பாத்தாங்க. அஞ்சு மணிக்குக் கிளம்பணும்னா நாலு மணிக்கு எழுந்து எங்களுக்குச் சமைச்சு வச்சுட்டுப் போவாங்க. கையுறை குடுத்தா ஒரு வாரத்துல கிழியும், அடுத்தது ஆறு மாசம் கழிச்சு வரும். கண்ணாடிச் சில்லு குத்தி ஊசி போட்டது எத்தன தடவன்னு கணக்கே இல்ல, ஊசிக்குக் காசும் நாங்கதான் போட்டோம். ஒரு காண்ட்ராக்ட் முடிஞ்சு இன்னொண்ணு வர்றப்ப பழைய ஆளு கையவிரிச்சுட்டாரு, புது ஆளு "நீங்க இன்னிக்குச் சேந்தவங்கதான்"னு சொல்லிட்டாரு. அத்தன வருஷ வேலை ஒரே நாள்ல சைபர். கிராஜுவிட்டி கேட்டு அலைஞ்சது தனிக் கதை.

இந்த வேலைல பெரிய செலவே ஆள் சம்பளம்தான். டெண்டர்ல ஒருத்தரு ரொம்பக் கம்மியாக் கேக்குறாருன்னா அவரு டீசல கம்மியா வாங்கிட முடியாது, வண்டியக் கம்மியா வாங்கிட முடியாது. அந்தக் கம்மி எங்க அம்மா கைலேர்ந்துதான் வரும். 2025 ஆகஸ்ட்ல சென்னைல ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளருங்க ரிப்பன் மாளிகை வாசல்ல 13 நாள் உக்காந்தாங்களே, கையில வர்ற சம்பளம் குறையும், வேலை நிரந்தரம்ங்கறது கனவாவே போயிடும்ங்கறதுதான் அவங்க பயம். கடைசில நீதிமன்ற உத்தரவக் காட்டி ராத்திரியோட ராத்திரியா அப்புறப்படுத்தினாங்க. அவங்க யாரும் "டன்னுக்கா வீட்டுக்கா"ன்னு கேக்கல.

முதல்மாடி:
@விடியக்காலை அக்கா, படிச்சுட்டு என்ன எழுதுறதுன்னு தெரியல. எங்க தெருவுக்கு வர்ற அம்மாவோட பேரு கூட எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. நாளைக்குக் கேக்குறேன்.

எடைமேடை:
@விடியக்காலை நீங்க சொன்னதுதான் இந்த இழைலயே முக்கியமானது, நான் முதல் பதிவுலயே எழுதியிருக்கணும். காண்ட்ராக்ட்ல இதுக்கு வழி இருக்கு. சம்பளப் பகுதியப் போட்டிக்கே விடக் கூடாது. இத்தன ஆளு, ஆளுக்கு இவ்வளவு, பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் சேத்து இவ்வளவுன்னு மாநகராட்சியே நிர்ணயிச்சுட்டு, மேல்செலவுக்கும் லாபத்துக்கும் மட்டும் விலை கேக்கணும். காண்ட்ராக்டர் மாறினாலும் ஆளும் சர்வீசும் தொடரும்னு ஒரு ஷரத்து. சம்பளம் வங்கிக் கணக்குல ஏறின ஆதாரம் வந்தாத்தான் அடுத்த மாச பில் பாஸ் ஆகும்னு இன்னொண்ணு. இந்த மூணும் இல்லாத டெண்டர்ல கம்மி விலைய வெற்றின்னு கொண்டாடாதீங்க.

தெற்குவாசல்:
அப்ப மாநகராட்சியே நடத்திட்டா முடிஞ்சுது, இந்தப் பிரச்சினை எதுவுமே வராதே.

கணக்குநோட்டு:
வருமே. இங்கிலாந்துல பர்மிங்காம்ல குப்பை அள்ளுறது கவுன்சிலோட (அந்த ஊர் மாநகராட்சி) சொந்த ஆட்கள்தான், தனியார் இல்ல. அங்கதான் 2025 மார்ச்ல முழு வேலைநிறுத்தம் ஆரம்பிச்சுது, தெருவுல 17,000 டன் தேங்கிடுச்சுன்னு கவுன்சிலே சொல்லுச்சு. காரணம், ஒரு குறிப்பிட்ட பதவிய எடுக்குறாங்க, அதனால சம்பளம் அடிபடுதுங்கறதுதான். அந்தக் கவுன்சில் 2023லயே கைல காசில்லைன்னு அறிக்கை குடுத்த இடம். பணம் இல்லாத முதலாளி அரசா இருந்தாலும் தனியாரா இருந்தாலும் முதல்ல கை வைக்கிறது சம்பளத்துலதான்.

செலவுல எது கம்மிங்கற கேள்விக்கும் பதில் இருக்கு. பெல், ஃபகேடா, வார்னர்னு மூணு ஆராய்ச்சியாளருங்க அதுவரைக்கும் குப்பை, குடிதண்ணி ரெண்டுலயும் வந்த ஆய்வுகள் எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்துப் பாத்து 2010ல எழுதினாங்க. தனியார்கிட்ட குடுத்தா செலவு எப்பவும் குறையும்னு காட்ட முடியல. சில ஊர்ல குறையுது, சில ஊர்ல இல்ல.

தெற்குவாசல்:
@கணக்குநோட்டு சரி, அப்ப எதுதான் வேலை செய்யும்னு சொல்லுங்க. "அதுவும் இல்ல இதுவும் இல்ல"ன்னு சொல்லி எங்கள அப்படியே விட்டுட்டுப் போகாதீங்க தோழர்.

கணக்குநோட்டு:
ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைக்கிறது ஓரளவுக்கு வேலை செஞ்சிருக்கு. அமெரிக்கால ஃபீனிக்ஸ் நகரத்துல 1970கள் கடைசில டெண்டர் விட்டப்ப மாநகராட்சித் துறையையும் தனியாரோட சேந்து விலை கேக்க வச்சாங்க. முதல்ல துறை தோத்துட்டே இருந்துச்சு. அப்புறம் அவங்களே வண்டியையும் ஆள் கணக்கையும் மாத்தி, 1980கள்ல விட்ட பகுதிகளத் திருப்பிப் புடிச்சுட்டாங்க. கனடால டொராண்டோல யோங் தெருவுக்கு மேற்கே தனியார், கிழக்கே மாநகராட்சி ஆட்கள். ஒரே ஊர்ல ரெண்டு கணக்கும் இருக்கிறதால யாரும் வாய்க்கு வந்த செலவச் சொல்லிட முடியாது. மொத்த ஊரையும் ஒரே ஆள்கிட்ட குடுத்து, இருந்த வண்டிய எல்லாம் ஏலத்துல வித்துட்டா, அஞ்சு வருஷம் கழிச்சு அவரு சொல்றதுதான் விலை. திருப்பி எடுக்க உங்ககிட்ட லாரியும் இருக்காது, ஓட்டுற ஆளும் இருக்காது.

பழையலாரி:
நான் காம்பாக்டர், அதாவது குப்பைய அமுக்கி ஏத்துற லாரி, ஓட்டுனவன், இப்ப இல்ல. லாரி ஏழெட்டு வருஷம்தான் தாங்கும், அதுவும் குப்பைத் தண்ணி இரும்ப அரிச்சுடும், அதனாலதான் காண்ட்ராக்ட்டும் ஏழெட்டு வருஷத்துக்குப் போடுறாங்க, இது தப்பில்ல. ஆனா கடைசி ரெண்டு வருஷம் பாருங்க, வண்டிக்கு ஒரு பைசா செலவு பண்ண மாட்டாங்க, ஹைட்ராலிக் ஒழுகும், பின்கதவு கயித்துல கட்டி ஓடும், ஊரெல்லாம் ஒழுகிட்டே போவோம், திட்டு மட்டும் டிரைவருக்கு. முடியுற காலத்துல வண்டி என்ன நிலைமைல இருக்கணும்னு யாரும் எழுதுறதில்ல.

ஜிபிஎஸ் ஜிபிஎஸ்னு சொல்றாங்களே, வண்டி தெருவுக்குள்ள போச்சான்னுதான் அது காட்டும், அள்ளுச்சான்னு காட்டாது. நிக்காம ஓட்டிட்டுப் போன நாளும் உண்டு, ஏன்னா மூணு நடை முடிக்கணும், குப்பைக்கிடங்குல ரெண்டு மணி நேரம் வரிசை. கிடங்குல நிக்கிற நேரத்த யாரும் கணக்குல எடுக்குறதில்ல. எங்க நேரம் பாதி அங்கதான் போச்சு.

எடைமேடை:
@பழையலாரி அண்ணே, இந்தக் கிடங்கு வரிசை விஷயத்த எந்த டெண்டர் ஆவணத்துலயும் நான் பாத்ததில்ல. கிடங்கு தூரமாப் போகப் போக டீசல் ஏறும், நடை குறையும். "தூரம் மாறினால் விலையும் மாறும்"னு ஒரு வரி காண்ட்ராக்ட்ல ஒளிஞ்சு கிடக்கும், கட்டணம் ஏன் ஏறுச்சுன்னு மூணு வருஷம் கழிச்சுத் தேடினா அங்கதான் போய் நிக்கும்.

நீலக்குடை:
கட்டணம் ஏறுறதப் பத்தி ஒண்ணு. சான் ஃபிரான்சிஸ்கோ கதை கேள்விப்பட்டிருப்பீங்க. அங்க 1932ல வந்த சட்டத்துல குப்பை அள்ள உரிமம் குடுத்தாங்க, காலப்போக்குல எல்லா உரிமமும் ரீகாலஜிங்கற ஒரே கம்பெனிகிட்ட வந்து சேந்துடுச்சு, டெண்டரே கிடையாது. 2017ல கட்டண உயர்வுக்குக் குடுத்த கணக்குல வருமானத்தக் கம்மியாக் காட்டியிருந்தாங்க. அதனால 7 சதவீதம் ஏற வேண்டியது 14 சதவீதம் ஏறிடுச்சு. 2021ல கண்டுபிடிச்சு ஒன்பது கோடி டாலருக்கு மேல ஜனங்களுக்குத் திருப்பித் தர வச்சாங்க. அடுத்த வருஷமே வாக்கெடுப்பு நடத்தி கட்டணம் நிர்ணயிக்கிற முறையையே மாத்திட்டாங்க.

எனக்கு உறுத்துறது அந்த நாலு வருஷம்தான். அவ்வளவு வசதியுள்ள ஊர்ல, பொது விசாரணை வச்சு நிர்ணயிச்ச கட்டணத்துல, அத்தன நாள் அது தெரியாமலே ஓடியிருக்கு. கம்பெனி குடுத்த கணக்க கம்பெனியோட கணக்க வச்சே சரிபாத்தா அப்படித்தான் ஆகும்.

பச்சைவாளி:
ஒரு மாதிரி மட்டும் இங்க யாரும் சொல்லல. புனேல ஸ்வச்னு கூட்டுறவு, 2008லேர்ந்து மாநகராட்சியோட ஒப்பந்தம் போட்டு வேலை பாக்குது. குப்பை பொறுக்கிட்டு இருந்தவங்களே அதோட உறுப்பினருங்க, பெரும்பாலும் பெண்கள். வீட்டு வாசல்ல வாங்குறாங்க, மாசக் கட்டணத்த அந்த வீட்டுக்காரங்களே நேரா அவங்க கைல குடுக்குறாங்க, பிரிச்ச பிளாஸ்டிக் பேப்பர வித்து வர்றதும் அவங்களுக்கே. பிரிச்சுக் குடுத்தா அவங்களுக்கு லாபம், அதனால "பிரிச்சுக் குடுங்க"ன்னு அவங்களே சொல்லுவாங்க. எடைமேடை சார் முதல் பதிவுல சொன்ன சிக்கல் இங்க அப்படியே நேர்மாறா ஆகிடுது.

விடியக்காலை:
கேக்க நல்லாருக்கு. ஆனா வீடு வீடாப் போய் காசு கேக்குறதும் அந்தப் பெண்கள் தலைலதான விழுது? "அடுத்த மாசம் வா"ன்னு சொல்ற வீடு எத்தன இருக்கும். குடுக்காத வீட்டுக்காகச் சண்டை போடுற வேலையும் அவங்களுதா? வசூல மாநகராட்சி பண்ணட்டும், காசு முழுசா அவங்களுக்குப் போகட்டும். மரியாதையோட சம்பளமா வரணும்.

பச்சைவாளி:
@விடியக்காலை இது நியாயமான கேள்விதான்க்கா. நேராக் குடுக்குறதுல நடுவுல ஆளில்லங்கற நல்லது மட்டும்தான் எனக்குத் தெரிஞ்சுது, அந்தப் பக்கம் யோசிக்கல.

தெற்குவாசல்:
எங்க பகுதிக்கு புதுக் காண்ட்ராக்ட் வரப்போகுதுன்னு பேச்சு அடிபடுது, கருத்துக் கேட்பு கூட்டம் வைப்பாங்களாம். மூணு நிமிஷம்தான் பேச விடுவாங்க. என்ன கேக்கட்டும்?

எடைமேடை:
@தெற்குவாசல் மூணு நிமிஷத்துல தனியாரா அரசான்னு ஆரம்பிச்சீங்கன்னா கைதட்டு கிடைக்கும், பதில் கிடைக்காது. பதில் சொல்லியே தீர வேண்டிய கேள்வியாக் கேளுங்க. இப்ப ஒரு வீட்டுக்கு மாசம் ஆகுற செலவு எவ்வளவு, அதுல வரிப்பணம் எவ்வளவு, புதுக் கட்டணம் வந்தா வரில எவ்வளவு குறையும். காசு எத அளந்து குடுக்கப் போறீங்க, அத அளக்குறது யாரு. காண்ட்ராக்டரோட எடைமேடைல காண்ட்ராக்டரோட ஆளே நின்னு சீட்டு போடுறாருன்னா மத்த ஷரத்து எல்லாம் வெறும் தாள். வண்டி வராத நாளுக்குப் பிடித்தம் உண்டா, அந்தப் பிடித்தம் கட்டணம் கட்டுன வீட்டுக்குத் திரும்புமா இல்ல பொதுக் கணக்குல கரையுமா. இதக் கேட்டப்ப பதில் வராம அதிகாரிங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டத நானே பாத்திருக்கேன். நேரம் மிச்சம் இருந்தா விடியக்காலை சொன்ன சர்வீஸ் தொடர்ச்சி. நேரம் இல்லாட்டி அதையே முதல்ல கேளுங்க.

பழையலாரி:
கிடங்கு வரிசையையும் சேத்துக் கேளுங்க தம்பி. அங்க இன்னொரு எடைமேடை வந்தாலே பாதி தெருவுக்கு வண்டி நேரத்துக்கு வந்துடும்.

தெற்குவாசல்:
எழுதி வச்சுக்கிட்டேன் அண்ணே. இன்னொண்ணு, கூட்டத்துக்கு முன்னாடியே தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போட்டுடலாம்னு இருக்கேன், இப்ப ஓடுற காண்ட்ராக்ட்டோட ஒரு மாச எடைச் சீட்டு எல்லாம் வேணும்னு.

எடைமேடை:
ஒரு மாசம் பத்தாது. ரெண்டு மாசம் கேளுங்க, ஒண்ணு வெயில் மாசம், ஒண்ணு மழை மாசம். வண்டி நம்பரோட, நேரத்தோட. அந்த ரெண்டு கட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சாலே தண்ணிக்கு எவ்வளவு காசு போகுதுன்னு தெரிஞ்சுடும். சீட்டு கைக்கு வந்ததும் இங்க போடுங்க, உக்காந்து கூட்டிப் பாத்துடலாம்.

முதல்மாடி:
கூட்டுற வேலைக்கு நானும் வர்றேன். அப்புறம், காலைல கேட்டேன், எங்க தெரு அம்மா பேரு தெரிஞ்சுக்கிட்டேன். இந்த மாசச் சம்பளம் இன்னும் வரலையாம். அதையும் மனுவுல சேக்க முடியுமான்னு பாருங்க.